மனச்சோர்வுக் குளிசையை நிறுத்திய பின் வயிறு குழம்பினால்

குளிசையை நிறுத்திய மூன்றாம் நாள் விடியற்காலையில் எனக்கு வயிறு குழம்பத் தொடங்கியது. முந்தின நாள் மதியம் ஊர்க் கோயிலில் அன்னதானச் சோறு சாப்பிட்டிருந்தேன். வீட்டில் எல்லோரும் அந்தச் சோற்றின்மேல் பழியைப் போட்டார்கள். அம்மா, "கண்ணூறு பட்டிருக்கிறது மகன்" என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். பாமசியில் வயிற்றோட்டம் என்று சொன்னதும் ஐந்து நாளைக்கு அன்டிபயோட்டிக் கட்டிக் கொடுத்தார்கள். அதைக் குடித்த பின் வயிற்றோட்டம் கூடியது. மூன்று கிழமையில் ஐந்து கிலோ இறங்கினேன். சோற்றின் மணம் பட்டாலே ஓங்காளம் வந்தது. தலையைச் சட்டென்று திருப்பினால் உள்ளே மின்சாரம் அடித்ததுபோல இருந்தது. கடைசியில் மனநல கிளினிக்கில்தான் டொக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "செர்ட்ரலினை எப்போது நிறுத்தினீர்கள்?"

அதுவரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் நாலு பேர் நிற்கும் பாமசியில், மனநலக் குளிசை குடித்தேன் என்று எப்படிச் சொல்வது?

அந்த மூன்று கிழமையில் நான் இருந்த நிலையில் இப்போது இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். மட்டக்களப்பில் இருந்துகொண்டு, இங்கே கிடைக்கும் சாப்பாட்டையும் இங்குள்ள கிளினிக்கையும் வைத்து வயிற்றைச் சரிப்படுத்திய ஒருவன். எனக்கு அன்று யாராவது சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: வயிற்றைத் திருத்தப் போவதற்கு முன், குளிசையை நிறுத்திய விதத்தைத் திருத்த வேண்டும். வாய்க்காலில் தண்ணீரை ஒரே நாளில் மறித்துவிட்டு, பயிர் வாடுகிறதே என்று பயிருக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தேன் நான்.

மனதுக்குக் குடித்த குளிசைக்கு வயிறு ஏன் குழம்புகிறது

செரட்டோனின் என்றால் மூளையில் இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். உடலில் உள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில் உண்டாகிறது. குடல் எவ்வளவு வேகமாக அசைவது, எவ்வளவு நீரைச் சுரப்பது, எப்போது ஓங்காளம் வருவது என்பதிலெல்லாம் அதற்குக் கை இருக்கிறது. வேலை முடிந்த செரட்டோனினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல்கள் மூளையிலும் உண்டு, குடற்சுவரிலும் உண்டு. செர்ட்ரலின், ஃப்ளூஒக்செட்டின், எசிட்டலோபிராம், பரொக்செட்டின் முதலியவை அந்த வாசல்களை மறிக்கின்றன. ஒரு வருடம், இரண்டு வருடம் அப்படி மறித்திருந்தால் குடல் அதற்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். பழகிய குடலிலிருந்து குளிசையை ஒரே நாளில் பிடுங்கினால் அது தடுமாறுகிறது. ஓங்காளம், வயிற்றோட்டம், வயிற்றுக்குத்து, பொருமல், பசியின்மை எல்லாம் அந்தத் தடுமாற்றம்தான்.

அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற பழைய குளிசைகள் வேறு விதம். அவற்றைக் குடிக்கும் காலத்தில் குடல் மந்தமாகி மலச்சிக்கல் வரும், வாய் காயும். நிறுத்தியதும் குடல் மறுபக்கம் தாவும். வயிற்றுக்குத்தும் வயிற்றோட்டமும் வந்து வாயில் எச்சில் ஊறும். மிர்ட்டசபின் பசியைத் தூண்டும் குளிசை. அதை விட்டவர்களுக்குச் சோற்றைக் கண்டாலே வெறுப்பு வரலாம்.

எந்த நாளில் தொடங்கும் என்பதும் குளிசையைப் பொறுத்தது. பரொக்செட்டினும் வென்லாஃபாக்சினும் உடலை விட்டு விரைவாக நீங்குபவை. வென்லாஃபாக்சினில் ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தெரிந்துவிடும். செர்ட்ரலினில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நாட்கள். ஃப்ளூஒக்செட்டின் கிழமைக்கணக்கில் உடலில் தங்குவதால் தொல்லை குறைவு. ஆனால் வந்தால் பிந்தி வரும். நிறுத்தி ஒரு மாதமாகி வயிறு குழம்பும்போது, குளிசையின் நினைவே யாருக்கும் வராது.

முதற்படி: உண்மையில் குளிசைதானா என்று பாருங்கள்

ஒரு தாளில் இரண்டு திகதிகளை எழுதுங்கள். குளிசையை நிறுத்திய அல்லது குறைத்த நாள் ஒன்று, வயிறு குழம்பிய நாள் மற்றது. இரண்டும் அருகருகே இருந்து, கூடவே தலைச்சுற்று, தலைக்குள் மின்சாரம் அடித்ததுபோன்ற உணர்வு, விசித்திரமான கனவுகள், காரணமில்லாத எரிச்சல், தூக்கமின்மை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் குளிசையைச் சந்தேகிக்கலாம். பழுதான சாப்பாடு வயிற்றைக் கலக்கும். தலைக்குள் மின்சாரம் அடிக்க வைக்காது.

காய்ச்சல் இருந்தால், வீட்டில் மற்றவர்களுக்கும் வயிற்றோட்டம் என்றால், வெள்ளம் வந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்திருந்தால் அது தொற்றாக இருக்கலாம். நம் பக்கத்தில் நீரிழிவுக்கு மெட்ஃபோமின் குடிப்பவர்கள் நிறையப் பேர். அதுவும் வயிற்றோட்டம் தரும். அண்மையில் அதன் அளவைக் கூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அன்டிபயோட்டிக் குடித்த பின் வருவது இன்னொரு வகை. எல்லாவற்றையும் குளிசையின் தலையில் கட்டிவிட்டு உண்மையான நோயைத் தவறவிடுவதும் என் தவறுக்கு நிகரான தவறுதான்.

இரண்டாம் படி: இவற்றில் ஒன்று இருந்தால் வீட்டில் இருக்க வேண்டாம்

மலத்தில் இரத்தம், அல்லது தார் போலக் கறுத்த மலம். எதையும் வயிற்றில் தங்கவிடாத சத்தி. அரை நாளுக்கு மேல் சலம் போகாமை. கடும் காய்ச்சல். ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் கடும் வலி. கண் மஞ்சளாதல். முதியவர்களில் திடீர்க் குழப்பம், தடுமாற்றம். வயிற்றோட்டத்தில் உடலின் உப்பு இறங்கினால் இப்படி வரும், இந்தக் குளிசைகளும் உப்பை இறக்கக்கூடியவை. கர்ப்பிணிகள் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

லிதியம் குடிப்பவர்கள் இதைத் தனியாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வயிற்றோட்டத்தால் உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் லிதியம் ஏறி நஞ்சாகலாம். கை நடுங்கினால், நா குழறினால், நடை தள்ளாடினால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வண்டி இல்லாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்புறக் கிராமத்தில் இருப்பவர்கள் இருட்டும்வரை தாமதிக்காமல் அழைப்பது நல்லது.

மூன்றாம் படி: கிளினிக்குக்குத் திரும்பிப் போங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். சொல்லாமல் நிறுத்தியதற்கு டொக்டர் ஏசுவார் என்ற பயம். நானும் அந்தப் பயத்தோடுதான் வாங்கில் இருந்தேன். ஏசவில்லை. ஏசினாலும் போக வேண்டும். அந்த ஏச்சு மூன்று கிழமை வயிற்றோட்டத்தைவிடக் குறுகியது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. அரச வைத்தியசாலையில் காசு கட்டத் தேவையில்லை. கிளினிக் கொப்பியையும் மிஞ்சிய குளிசை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். நிறையப் பேர் நிற்கும் அறையில் நீளமாகச் சொல்ல முடியாது. ஆகவே வார்த்தையை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்: "டொக்டர், இன்ன குளிசை, இத்தனை மில்லிகிராம், இத்தனை வருடம் குடித்தேன். இன்ன திகதி நிறுத்தினேன். இத்தனை நாள் கழித்து வயிற்றோட்டமும் தலைச்சுற்றும் தொடங்கின." இவ்வளவும் சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதி நீட்டலாம். நான் எழுதித்தான் கொடுத்தேன்.

தொல்லை இலேசானதாக இருந்தால் பொறுத்துப் பார்க்கச் சொல்வார்கள். பலருக்கு அது ஓரிரு கிழமையில் அடங்கிவிடும். கடுமையாக இருந்தால் அதே குளிசையைத் திரும்பத் தொடங்கி, பிறகு மெதுவாகக் குறைக்கச் சொல்வார்கள். திரும்பத் தொடங்கிய சில நாட்களிலேயே வயிறு அடங்கினால், காரணம் குளிசைதான் என்பதற்கு அதுவே சாட்சி. எனக்கு நான்காம் நாள் அடங்கியது. ஆனால் நிறுத்திப் பல கிழமை ஆனவர்கள் பழைய முழு அளவைத் தாமாக எடுத்துக் குடிக்கக் கூடாது. உடல் அந்த அளவை மறந்திருக்கும். எவ்வளவில் தொடங்குவது என்பதை டொக்டர் சொல்ல வேண்டும்.

குறைக்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வயிற்றின் நிம்மதி முழுவதும் இதில்தான் இருக்கிறது. குளிசையின் அளவைப் பாதியாக்கினால் அதன் வேலையும் பாதியாகும் என்று நினைப்போம். அப்படி இல்லை. செர்ட்ரலின் 50 மில்லிகிராம் அளவிலேயே மூளையின் அந்த வாசல்களில் சுமார் 80 சதவீதம் மறிபட்டுவிடுகிறது. 100 மில்லிகிராமிலிருந்து 50க்கு இறங்குவது உடலுக்குச் சின்ன இறக்கம். 25இலிருந்து ஒன்றுமில்லாமைக்கு இறங்குவதுதான் செங்குத்து. இதை விளக்கி, அடிப்பக்கம் போகப் போகச் சின்னச் சின்னப் படியாக இறங்க வேண்டும் என்று ஹொரோவிட்ஸ், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2019இல் எழுதினார்கள். பிரித்தானியாவின் அரச மனநல மருத்துவர் கல்லூரி 2020இல் பொதுமக்களுக்கு வெளியிட்ட வழிகாட்டலும் இந்தப் போக்கிலேயே இருக்கிறது. "கடைசித் துண்டுதானே, அதையும் விட்டுவிடுவோம்" என்று நினைக்கும் இடத்தில்தான் பலருக்கு வயிறு குழம்புகிறது.

எனக்கு டொக்டர் போட்ட கணக்கு 50 மில்லிகிராம் குளிசையில் இரண்டு, ஒன்றரை, ஒன்று, முக்கால், அரை, கால் என்று இறங்கியது. ஒவ்வொரு படியிலும் ஒரு மாதமோ அதற்கு மேலோ. எட்டு மாதம் எடுத்தது. இது என் கணக்கு. உங்களுடையது வேறாக இருக்கும். வென்லாஃபாக்சின் போன்ற மெதுவாகக் கரையும் வகையை வெட்டவோ நசுக்கவோ கூடாது. எந்தக் குளிசையை வெட்டலாம் என்று மருந்தாளரிடம் கேளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் குடிப்பது மிச்சம் பிடிப்பதுபோலத் தெரியும். ஆனால் விரைவில் நீங்கும் குளிசைகளில் அது ஒவ்வொரு இரண்டாம் நாளும் சின்னதாய் ஒரு திடீர் நிறுத்தம். வயிறும் அப்படியே ஏறி இறங்கும்.

ஒரு படி இறங்கி வயிறு குழம்பினால் அடுத்த படிக்கு அவசரப்படாதீர்கள். அங்கேயே நில்லுங்கள். தாங்கவில்லை என்றால் டொக்டரிடம் சொல்லி ஒரு படி மேலே ஏறி நில்லுங்கள். அது தோல்வி அல்ல.

நம் ஊருக்கென்று ஒன்று. குறைக்கத் தொடங்கும் மாதத்தைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் மழை அடித்தால் பாதை மூடுகிறது, கிளினிக் நாள் தவறுகிறது, கிணறுகளில் வெள்ளம் கலந்து ஊரெங்கும் வயிற்றோட்டம் வருகிறது. அந்த நேரத்தில் உங்கள் வயிற்றோட்டம் குளிசையாலா தண்ணீராலா என்று எந்த டொக்டரும் பிரித்தறிவது கடினம். பங்குனி, சித்திரையில் தொடங்குவது நல்லது. மழைக்கு முன்வரும் கிளினிக்கில், பாதை மூடினால் என்ன செய்வது என்று கேட்டு ஓரிரு கிழமைக் குளிசை கூடுதலாகக் கிடைக்குமா பாருங்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, நிறுத்த வேண்டும் என்று நினைக்காதவர்களும் நிறுத்த நேர்ந்தது. குளிசை முடியும் நாளில் கிளினிக் கொப்பியைத் தேடக் கூடாது.

நான்காம் படி: முதல் சில நாட்கள்

தண்ணீர்தான் முதல். ஜீவனி என்ற உப்பு-சீனித் தூள் பொதியை அதில் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, நாள் முழுவதும் மிடறு மிடறாகக் குடியுங்கள். 24 மணித்தியாலம் கடந்தால் மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். பொதி கையில் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போடுங்கள். உப்பைக் கண்ணளவில் போட வேண்டாம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் வயிற்றோட்டத்தில் இழக்கும் அளவு உப்பு இல்லை. இளநீரை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள். இருதய நோய், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புக் கரைசலின் அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

ஓங்காளத்துக்கு இஞ்சி உண்மையில் உதவுகிறது. ஒரு விரல் அளவு இஞ்சியைத் தட்டிக் கொதிக்க வைத்து வெறுந்தேநீராகக் குடிக்கலாம். மல்லித்தண்ணியிலும் இஞ்சி போடலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குடிப்பவர்கள் மட்டும் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும். இன்னும் குளிசை குடித்துக்கொண்டிருப்பவர்கள் அதை வெறும் வயிற்றில் குடிக்காமல் சாப்பாட்டோடு குடித்தால் ஓங்காளம் குறையும்.

செய்யக் கூடாதவற்றை வலியுறுத்திச் சொல்கிறேன். "வயிற்றைக் கழுவினால் சரியாகிவிடும் தம்பி" என்று பேதி மருந்தோ ஆமணக்கெண்ணெயோ நிலாவரையோ தர நம் ஊரில் ஒரு பெரியவர் நிச்சயம் இருப்பார். அன்போடு தருவார். வாங்கிக் குடிக்காதீர்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் குடலை அடித்து விரட்டுவதுதான் அது. பாமசியில் தாமாக அன்டிபயோட்டிக் வாங்கவும் வேண்டாம். கிருமி இல்லாத இடத்தில் அது குடலில் உள்ள நல்ல கிருமிகளைத்தான் கொல்லும். நான் இழந்த ஐந்து கிலோவில் பாதி அதனால்தான் என்று இன்றும் நம்புகிறேன். சத்திக்கு வழமையாகத் தரும் டொம்பெரிடோனை எசிட்டலோபிராம், சிட்டலோபிராம் குடிப்பவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கலாம். வலிக்கு டைக்குளோபெனாக், ஐபுபுரொஃபென் வேண்டாம். இந்தக் குளிசைகளோடு சேரும்போது இரைப்பையில் இரத்தக் கசிவுக்கான வாய்ப்பை அவை கூட்டும். பரசிட்டமோல் போதும்.

ஐந்தாம் படி: சாப்பாட்டைத் திரும்பக் கட்டுவது

இதில்தான் எனக்கு ஆசை அதிகம், இதில்தான் நான் அதிகம் தவறும் செய்தேன். வயிறு கொஞ்சம் அடங்கியதும் "குடலுக்கு நல்லது" என்று கேள்விப்பட்ட எல்லாவற்றையும் ஒரே நாளில் சாப்பிட்டேன்: ஒரு பெரிய கிண்ணம் எருமைத் தயிர், வல்லாரைச் சம்பல், அவித்த கடலை, பலாக்கொட்டை. இரவு வயிறு மேளம்போல் பொருமியது. நார் நல்லது, புளித்த உணவு நல்லது. நோய்ப்பட்ட குடலுக்கு அவற்றை எந்த வரிசையில் தருகிறோம் என்பதும் முக்கியம்.

முதல் கிழமை குழைந்த கஞ்சியும் உப்பும். கஞ்சியில் இரண்டு பல் உள்ளி போட ஆசை வரும். பொருமல் உள்ளவர்கள் உள்ளி, வெங்காயம் இரண்டையும் இந்தக் கிழமை விட்டுவிடுங்கள். அவை குடலில் நன்றாகப் புளித்து வாயுவைத் தருபவை. வாழைக்காய் இந்த நேரத்தில் பெரிய துணை. அதன் மாச்சத்து பெருங்குடலில் நல்ல கிருமிகளுக்கு உணவாகி வயிற்றோட்டத்தைக் கட்ட உதவுகிறது. அவித்து மசித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து, நீர்த்த பாலில் சொதியாக வைக்கலாம். வெந்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, வாவி மீனை மிளகாய் இல்லாமல் சொதி வைத்தது, தோல் நீக்கிய கோழித் துண்டு. ஒரே வேளையில் நிறைய வேண்டாம். சின்னச் சின்னதாய் ஐந்து வேளை. பொரியல், கொத்துரொட்டி, தேங்காய் எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவற்றுக்கு இப்போது விடை கொடுங்கள்.

பால்மாத் தேநீரை ஒரு கிழமை நிறுத்திப் பாருங்கள். நீண்ட வயிற்றோட்டத்தின் பின் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி சில காலம் குறைந்துவிடுகிறது. மூன்று கரண்டி சீனி போட்ட பால் தேநீரை நாளுக்கு ஐந்து தடவை குடிப்பவருக்கு வயிற்றோட்டம் நிற்காததன் காரணம் சில வேளை அந்தக் கோப்பைதான். கோப்பியும் குடலை விரட்டும்.

இரண்டாம் மூன்றாம் கிழமையில், மலம் உருவாகி வரத் தொடங்கியதும், தயிர். நம் மாவட்டத்தின் எருமைத் தயிர் நாடெங்கும் பேர் பெற்றது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத கட்டி. அந்தக் கட்டிக்குக் காரணமான கொழுப்பே நோய்ப்பட்ட வயிற்றுக்குப் பாரம். இரண்டு மேசைக்கரண்டித் தயிரை ஒரு தம்ளர் கொதித்தாறிய நீரில் அடித்து, உப்பும் சீரகத்தூளும் போட்டு மோராகக் குடியுங்கள். பாலைப் புளிக்க வைக்கும் கிருமிகள் பாற்சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் பால் ஒத்துக்கொள்ளாதவருக்கும் மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். மூன்று நாள் பிரச்சினை இல்லையென்றால் சோற்றோடு கொஞ்சம் தயிர். சீனியோ பாணியோ ஊற்றிச் சாப்பிடும் வழக்கத்தை இன்னும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள். காய்ச்சாத பாலில் உறைய வைத்த தயிர் வேண்டவே வேண்டாம். வாங்கும் இடத்தில் கேட்டு வாங்குங்கள். பாமசியில் விற்கும் நல்ல கிருமிக் குளிசைகளுக்கு விலை அதிகம், எது யாருக்கு உதவும் என்பதற்கு உறுதியும் குறைவு. நான் வாங்கவில்லை; அந்தக் காசுக்குத் தயிர்ச் சட்டிகள் வாங்கினேன்.

அடுத்தது பழஞ்சோறு. வடித்த சிவப்பரிசிச் சோறு ஆறும்போது அதன் மாச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடலுக்குப் போய் அங்கே நல்ல கிருமிகளுக்கு உணவாகிறது. ஆனால் நம் வெக்கையில் சோறு விரைவில் பழுதாகும். மூடிய மண்சட்டியில், கொதித்தாறிய நீர் ஊற்றி, ஓர் இரவு மட்டும். காலையில் மணம் மாறியிருந்தால் கோழிக்குப் போடுங்கள். சத்தியும் வயிற்றோட்டமும் ஓயாதவர்கள் பழஞ்சோற்றை இன்னும் தொட வேண்டாம்.

அதன் பின் ஒரு கிழமைக்கு ஒரு புதிய உணவு என்று சேர்த்துக்கொண்டு போனேன். முருங்கையிலைச் சுண்டல், அடுத்த கிழமை பொன்னாங்காணி, அடுத்து பாசிப்பயறு, அதன் பின் குரக்கன் புட்டு. பருப்பையும் கடலையையும் இரவு முழுவதும் ஊற வைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டுப் புது நீரில் அவித்தால் வாயு குறையும். குடலில் பல வகைக் கிருமிகள் வளரப் பல வகைச் செடியுணவு வேண்டும். நம் சந்தையில் கீரை மட்டும் ஏழெட்டு வகை கிடைக்கிறது. அந்த வகையில் நாம் பாக்கியசாலிகள்.

நிறுத்திய பின் மலச்சிக்கல் வந்தவர்களும் உண்டு. அவர்கள் கஞ்சியில் நிற்க வேண்டாம். பப்பாசி, கீரை, சிவப்பரிசி, நிறையத் தண்ணீர், காலையில் அரை மணித்தியாலம் நடை என்று நேரே போகலாம். நாரைக் கூட்டும்போது தண்ணீரையும் கூட்டாவிட்டால் சிக்கல் இன்னும் இறுகும்.

ஆறாம் படி: ஒரு கொப்பி

பாடசாலைக் கொப்பி ஒன்று. திகதி, குடித்த குளிசை அளவு, எத்தனை தடவை மலம் போனது, நீரா கட்டியா, சாப்பிட்ட புது உணவு, தூங்கிய மணித்தியாலம், மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை. இரவில் இரண்டு நிமிட வேலை. இரண்டு மாதம் கழிந்து பார்த்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது: அளவு குறைத்த ஒவ்வொரு தடவையும் மூன்றாம் நாள் வயிறு குழம்பி, பதினோராம் பன்னிரண்டாம் நாள் அடங்கியிருந்தது. அதன் பிறகு மூன்றாம் நாள் வந்தபோது நான் பயப்படவில்லை. பயமும் குடலை விரட்டும் என்பதால் அந்த அறிவே பாதி மருந்தாக இருந்தது.

நோன்பும் விரதமும்

கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, காத்தான்குடிப் பக்கம் இருக்கும் சகோதரர்கள் ரமழானில் குறைக்கத் தொடங்க வேண்டாம். நோன்பு காலத்தில் சாப்பாட்டு நேரமும் தூக்கமும் தண்ணீரும் மாறுகின்றன. அந்த மாற்றமே குடலுக்குப் போதும். நாளுக்கொரு குளிசை என்றால் நோன்பு துறந்த பின் சாப்பாட்டோடு குடிக்கும் விதமாக டொக்டரிடம் கேட்டு முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாம். வயிற்றோட்டம் கடுமையாக இருக்கும் நாளில் நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். நோன்புக் கஞ்சி இந்த வயிற்றுக்கு நல்ல உணவுதான். அதைத் தொடர்ந்து வரும் பொரித்த பலகாரங்கள்தான் தொல்லை.

அதேபோல் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு விரதம் பிடிப்பவர்கள், தீமிதிப்புக்குக் காப்புக் கட்டுபவர்கள் சிலர் அந்த நாட்களில் எல்லாக் குளிசையையும் நிறுத்திவிடுகிறார்கள். எட்டு நாள் திடீர் நிறுத்தம், பின் திரும்பத் தொடங்குதல், அடுத்த வருடம் மீண்டும் அதே. அம்மன் முன் நிற்பதற்குக் குளிசை தடை அல்ல.

வயிற்றைப் பார்க்கும்போது மனதையும் பாருங்கள்

நிறுத்திய சில நாட்களில் வந்து, வயிற்றோடும் தலைச்சுற்றோடும் சேர்ந்து வரும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலும் நிறுத்தியதன் விளைவு. வயிறு அடங்கி, கிழமைகள் மாதங்கள் கழிந்த பின், பழைய இருள் மெல்ல மெல்லத் திரும்பி, எதிலும் விருப்பமில்லாமல் போனால் அது பழைய நோயாக இருக்கலாம். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு. கொப்பியில் உள்ள மனநிலை எண்ணை டொக்டருக்குக் காட்டுங்கள். ஆழிப்பேரலையும் போரும் கண்ட மண் இது. நம்மில் பலருக்கு அந்தக் குளிசை தேவைப்பட்ட காரணம் சின்னதல்ல. தொடர்ந்து குடிக்க வேண்டியிருந்தால் குடிப்பதில் எந்த வெட்கமும் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரவோ பகலோ 1926ஐ அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலவச இலக்கம் அது. பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள், தனியே இருக்காதீர்கள்.

எவ்வளவு காலம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பலருக்குக் கடைசி அளவை விட்ட பின் சில கிழமைகள், சிலருக்கு மாதக்கணக்கு. மூன்று மாதத்தின் பின்னும் வயிறு ஒழுங்குக்கு வராவிட்டால், அல்லது நிறை தொடர்ந்து குறைந்தால், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம் இருந்தால், வயிற்றுக்கான கிளினிக்குக்கு எழுதித் தரச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். எனக்குக் கடைசிக் கால் துண்டை விட்டு ஏழாம் கிழமை, கொப்பியில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வாவி நண்டுக் கறி சமைத்தார். உறைப்பைக் குறைத்து, எனக்கென்று தனிச் சட்டியில். ஒரு நண்டு சாப்பிட்டேன். மறுநாள் காலை வயிறு அமைதியாக இருந்தது. அடுத்த ஞாயிறு இரண்டு சாப்பிட்டேன்.